அவருக்கும் ஓர் இடம்

ஆற்றின் நடுவே ஒரு திட்டு. மேலே மரம். இலை இடுக்கில் விழும் வெயில் தரையெல்லாம் புள்ளி புள்ளியாகக் கிடக்கிறது. அந்த நிழலில் உறையூர் அரசன் கோப்பெருஞ்சோழன் வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறான். பெற்ற பிள்ளைகளே படை திரட்டி எதிர்த்து வந்துவிட்ட வேதனையில், சோறு தண்ணீர் இல்லாமல் உயிரை விடுவதென்று முடிவெடுத்துவிட்டான். அவனோடு சான்றோர் சிலரும் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அரசன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊரிலிருந்து ஆந்தையார் வருவார், அவருக்கும் பக்கத்தில் ஓர் இடம் விட்டு வையுங்கள்.

கூடியிருந்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. பாண்டிய நாடு தொலைவு. இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே கிடையாது. பாட்டாலும் கேள்வியாலும் வளர்ந்த பழக்கம் அது. அப்படிப்பட்டவர் சாவதற்கா வருவார்? அரசன் அசையவில்லை. நான் நன்றாக இருந்த காலத்தில் அவர் வராமல் இருந்திருக்கலாம், துன்பத்தில் இருக்கும்போது வராமல் இருக்க மாட்டார் என்றான். யாராவது பெயர் கேட்டால் என் பெயரைத்தான் தன் பெயராகச் சொல்வார் என்றான்.

பிசிராந்தையார் வந்தார். விட்டு வைத்த இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த புலவர் பொத்தியார் இதை நினைத்து நினைத்து வியந்து பாடியது புறநானூற்றில் இருக்கிறது.

தமிழில் நட்பு என்று பேச்செடுத்தால் இந்தக் கதை வராமல் போகாது. ஆனால் பெரும்பாலும் பாதிக் கதைதான் சொல்லப்படுகிறது. நட்புக்கு நேரில் பழகத் தேவையில்லை, உணர்ச்சி ஒத்திருந்தால் போதும் என்று வள்ளுவர் சொன்ன இடத்துக்கு உரை எழுதிய பரிமேலழகரும் இந்த இருவரைத்தான் சான்றாகக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு, 'மனசுல இருந்தா போதும், பார்க்கணும்னு என்ன இருக்கு' என்று நாமும் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். மீதிப் பாதியில் ஒரு மனிதர் பிசிரிலிருந்து உறையூர்வரை நடந்து வந்திருக்கிறார். சோழன் நம்பியது அந்த வருகையைத்தான்.

இன்று பலரும் இழந்து நிற்பதும் அதைத்தான்.

படைக்குப் பக்கத்தில் நட்பு

திருக்குறளில் நட்பைப் பற்றி மட்டும் 5 அதிகாரங்கள், 50 குறள்கள். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. வள்ளுவர் இவற்றை வைத்திருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. காமத்துப்பாலில் அல்ல, பொருட்பாலில், அரசுக்கு வேண்டிய உறுப்புகளைச் சொல்லும் அங்கவியலில் வைத்திருக்கிறார். படைமாட்சி, படைச்செருக்கு முடிந்த கையோடு நட்பு தொடங்குகிறது. நாட்டைக் காக்கப் படை எப்படியோ, மனிதனைக் காக்க நண்பன் அப்படி என்பது அந்த வரிசையிலேயே தெரிந்துவிடுகிறது.

இந்தக் காலத்து மருத்துவ ஆய்வுகளும் வேறு வழியாக அங்கேதான் வந்து நிற்கின்றன. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அங்கே படித்த 268 மாணவர்கள் ஒரு பக்கம், பாஸ்டன் நகரத்தின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவர்கள் இன்னொரு பக்கம். மொத்தம் 724 பேரின் வாழ்க்கையை, அவர்கள் கிழவர்களாகும்வரை, ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் ஓய்வு பெற்றால் அடுத்த தலைமுறை என்று விடாமல் பின்தொடர்ந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள், மனைவி மக்களிடம் பேசினார்கள். 80 வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார் என்பதை 50 வயதில் கணிக்க, கொழுப்பு அளவைவிட, உறவுகளில் அவருக்கு எவ்வளவு நிறைவு இருக்கிறது என்பதே நன்றாக உதவியது என்கிறார் இப்போது ஆய்வை நடத்தும் மனநல மருத்துவர் ராபர்ட் வால்டிங்கர்.

ஆய்வாளர் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 2010-ல் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள். நெருங்கிய உறவும் நட்பும் உள்ளவர்கள் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. பிரிட்டன் 2018-ல் தனிமையைக் கவனிக்கவென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. ஜப்பான் 2021-ல் அதைச் செய்தது.

இதே பிசிராந்தையாரிடம் சான்றோர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். இத்தனை வயதாகியும் உங்களுக்கு ஏன் நரைக்கவில்லை? அவர் பதிலில் மூலிகை எதுவும் இல்லை. நல்ல மனைவி மக்கள், குறிப்பறிந்து வேலை செய்பவர்கள், தீமை செய்யாத அரசன், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் ஊரில் நல்ல மனிதர்கள் பலர் இருக்கிறார்கள் என்று காரணம் சொன்னார். ஹார்வர்ட் ஆய்வின் சாரமும் இதுதான்.

காயும் பழமும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் நட்புக்கு ஒரு நடைமுறை உண்டு. சண்டை வந்தால் விரலை நீட்டி 'காய்' விட வேண்டும். ஊருக்கு ஊர் விரல் மாறும், சில ஊர்களில் 'டூ'. அதற்கப்புறம் பேசக் கூடாது. பென்சில் கேட்பதென்றாலும் மூன்றாவது பிள்ளை வழியாகத்தான். மதியம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது யாராவது ஒருவருக்குப் பொறுக்காது. விரலை நீட்டிப் 'பழம்' என்றால் எல்லாம் சரி. யார் தப்பு, யார் முதலில் பேசியது என்ற விசாரணை கிடையாது. டிபன் பாக்ஸ் மூடியில் தக்காளி சாதம் இடம் மாறும்.

வளர்ந்தவர்களுக்குக் காய் விடத் தெரிகிறது. பழம் விடும் விரல்தான் மடங்கிப்போய்விட்டது. ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, ஒரு சாவுக்கு வரவில்லை, எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். இப்படி ஒன்றில் நின்றுபோன பேச்சு பதினைந்து, இருபது வருடம் ஓடிவிடுகிறது. இருவருக்குமே மனதில் வருத்தம் இருக்கும். அவன் முதலில் பேசட்டும் என்று இவரும், இவர் பேசட்டும் என்று அவரும் காத்திருப்பார்கள்.

ஆனால் சண்டையால் முடிகிற நட்பு குறைவுதான். பெரும்பாலான நட்புகள் சத்தமே இல்லாமல் முடிகின்றன. 'ஒரு நாள் பார்ப்போம்' என்ற மூன்று வார்த்தையில்.

நெதர்லாந்து சமூகவியலாளர் கெரால்ட் மோலன்ஹார்ஸ்ட், ஒரே மனிதர்களிடம் ஏழு ஆண்டு இடைவெளி விட்டு இரண்டு முறை கேட்டார். யாரிடம் மனம் விட்டுப் பேசுவீர்கள், யார் உங்களுக்கு ஒத்தாசையாக இருக்கிறார்கள் என்று. இரண்டாம் முறை வட்டத்தின் அளவு குறையவில்லை. ஆனால் வட்டத்துக்குள் இருந்தவர்களில் பாதிப்பேர் மாறியிருந்தார்கள். வேலை மாறியது, வீடு மாறியது, ஆட்களும் மாறினார்கள்.

அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் நட்புக்கு மணிக்கணக்கே போட்டுப் பார்த்தார். அறிமுகமானவர் ஓரளவு நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்த்த நேரம் இதில் அவ்வளவாகப் பலன் தரவில்லை. சேர்ந்து சாப்பிட்டது, விளையாடியது, சும்மா உட்கார்ந்து பேசியது, இவைதான் கணக்கில் ஏறின.

விடுதி அறையில் ஒன்றாகத் தங்கிப் படித்தவர்களின் நட்பு ஏன் கெட்டியாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அங்கே 200 மணி நேரம் ஒரே மாதத்தில் வந்துவிடும். 40 வயதில் நெருங்கிய ஒரு புது நண்பர் கிடைக்க வேண்டுமானால், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் இரண்டு வருடம் பிடிக்கும். அந்த வயதில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அதனால்தான் பழைய நட்பை விட்டுவிடக் கூடாது. அந்த மணிகள் ஏற்கெனவே செலவழிக்கப்பட்டவை.

சுவர்க் கடிகாரம் கொடுத்துவிட்டுப் போனவர்கள்

தமிழ்நாட்டில் நட்பை அதிகம் இழப்பவர்கள் பெண்கள். இதைச் சொல்ல ஆய்வு எதுவும் வேண்டாம், எந்தக் கல்யாண மண்டபத்திலும் பார்க்கலாம். மணமேடைக்கு நாலைந்து பெண்கள் ஏறுவார்கள். கல்லூரித் தோழிகள். சேர்ந்து காசு போட்டு வாங்கிய சுவர்க் கடிகாரமோ குத்துவிளக்கோ கையில் இருக்கும். மணப்பெண் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு சிரிப்பு வரும். போட்டோக்காரர் 'கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க' என்பார். இறங்கும்போது ஒருத்தி கையை விடாமல் பிடித்துக்கொண்டு, 'போன் பண்ணுடி' என்பாள். பல பேருக்கு அந்த நட்பின் கடைசிப் படம் அதுதான்.

அதற்குப் பிறகு ஊர் மாறும், போன் நம்பர் மாறும். புகுந்த வீட்டில் கணவனின் நண்பர்கள் வந்தால் காபி போட வேண்டும். மனைவியின் சிநேகிதி வந்தால், 'யாரு, என்ன விஷயம், எப்ப கிளம்புறா' என்று மூன்று கேள்வி. கணவன் நண்பர்களோடு இரண்டு நாள் கொடைக்கானல் போவது இயல்பு. மனைவி தோழிகளோடு ஒரு மதியம் சினிமாவுக்குப் போக நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நட்பு என்பது ஆணுக்கு உரிமை, பெண்ணுக்குச் சலுகை என்றிருக்கும் வீடுகள் இன்னும் ஏராளம். இது மாற வேண்டும். 'உன் ஃப்ரெண்டைப் பார்த்துட்டு வா, பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன்' என்று சொல்லும் கணவன் அவள் ஆயுளையே கூட்டிக் கொடுக்கிறான்.

ஆண்களுக்கு இந்த இழப்பு தாமதமாக வருகிறது. பிரிட்டனில் பள்ளிப் படிப்பு முடித்து வெளியேறிய 30 மாணவர்களை ஆய்வாளர்கள் ராபின் டன்பாரும் சாம் ராபர்ட்ஸும் 18 மாதம் கவனித்தார்கள். பெண்களின் நட்பு பேச்சால் தாக்குப்பிடித்தது. போனில் பேசிக்கொண்டிருந்தாலே போதும். பையன்களின் நட்புக்குப் பேச்சு போதவில்லை. சேர்ந்து ஏதாவது செய்துகொண்டிருந்தால்தான் நீடித்தது. பந்து விளையாடுவது, ஊர் சுற்றுவது, எதுவாகவும் இருக்கலாம்.

நம்மூரிலும் அப்படித்தான். கேரம் போர்டு, வாலிபால் வலை, கோயில் திருவிழா வசூல், டீக்கடை பெஞ்சு. ஏதோ ஒன்று நடுவில் இருந்துதான் சேக்காளிகளைச் சேர்த்து வைத்தது. பணி ஓய்வு நாளில் பொன்னாடையும் மாலையும் போட்டு வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். அடுத்த நாள் காலை ஒன்பதரை மணிக்கு அந்த மனிதருக்குப் போவதற்கு இடமில்லை, பேச ஆளில்லை. முப்பது வருடம் கூட இருந்தவர்கள் நண்பர்களா, வேலைதான் நட்பு மாதிரி இருந்ததா என்ற கேள்வி அன்றைக்குத்தான் எழுகிறது. காலை நடைக்கு ஒரு கூட்டாளியை 50 வயதிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இடைசெவலிலிருந்து போன கடிதங்கள்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சிறிய ஊர். 1923 செப்டம்பரில், சில நாள் இடைவெளியில், அங்கே இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் கு.அழகிரிசாமி. மற்றவர் கி.ராஜநாராயணன். ஒன்றாக வளர்ந்தார்கள், ஒன்றாக இசை கேட்டார்கள், ஒன்றாகப் படித்தார்கள். பிறகு அழகிரிசாமி பிழைப்புக்குச் சென்னை போனார். 1952-ல் மலாயாவுக்குப் போய்த் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். கி.ரா. கரிசல் காட்டு விவசாயியாக ஊரிலேயே இருந்தார்.

இப்படிப் பிரிந்த இரண்டு ஊர்க்காரர்களின் கதை 'எப்பவாவது ஊருக்கு வந்தா பார்ப்போம்' என்று முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கடிதம் எழுதினார்கள். அழகிரிசாமி எழுதியவற்றைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்தார், பின்னாளில் அவை புத்தகமாகவே வந்தன. நண்பர் முதலில் எழுத்தாளரானார். ஊரில் இருந்த விவசாயி முப்பது வயதுக்கு மேல்தான் கதை எழுத வந்தார். கையெழுத்தும் சொல்லும் பழகியதில் அந்தக் கடிதங்களுக்கும் பங்கு உண்டு.

அழகிரிசாமி 1970 ஜூலையில், 47 வயது நிறையும் முன்பே இறந்துபோனார். அந்த ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது 'அன்பளிப்பு' தொகுப்புக்காக, அவர் மறைந்த பிறகு வந்தது. 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காகக் கி.ரா. அதே விருதைப் பெற்றார். ஒரே சிற்றூரில் இரண்டு அகாதெமி விருதுகள். கி.ரா. 2021 மே மாதம்வரை வாழ்ந்தார். நண்பர் போன பிறகு அரை நூற்றாண்டு. அந்த அரை நூற்றாண்டும் நண்பரின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்லண்டு லெட்டரில் மடிக்கும் ஓரத்தில்கூட இடம் விடாமல் நுணுக்கி எழுதியவர்களின் பிள்ளைகள் கையில் இன்று போன் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் '93 பேட்ச்' என்று குழு இருக்கிறது. பிறந்த நாள் என்றால் அறுபது கேக் படம் வந்து விழும். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஒருவர் போட்டால் அறுபது கும்பிடு வரும். அவற்றில் அன்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த அறுபது பேரில் யாரோ ஒருவர், 'எந்த வார்டு, ராத்திரி நான் வந்து படுத்துக்கிறேன், நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வா' என்று தனியாகக் கூப்பிடுவார். பிசிரிலிருந்து வந்தவர் அவர்தான்.

டன்பாரின் கணக்கில் ஒரு மனிதரால் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் சுமார் 150. அதற்குள்ளே 50, அதற்குள்ளே 15, எல்லாவற்றுக்கும் நடுவில் 5. அந்த ஐந்தில் இடம்பெற்றவர்களின் பெயரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தால், அவர்களோடு கடைசியாக எப்போது பேசினோம் என்பதும் கூடவே நினைவுக்கு வரும்.

எதிரெதிர் மேடை, ஒரே சிநேகம்

நல்ல நண்பர் என்றால் நம் கருத்தோடு ஒத்துப்போகிறவர் என்று நினைப்பவர்கள் பெரியார், ராஜாஜி இருவரையும் பார்க்க வேண்டும். ஒருவர் ஈரோடு நகராட்சித் தலைவர், மற்றவர் சேலம் நகராட்சித் தலைவர். அந்தக் காலத்தில் தொடங்கிய பழக்கம். பெரியார் காங்கிரஸுக்கு வந்ததில் ராஜாஜிக்குப் பங்கு உண்டு. அப்புறம் வழிகள் பிரிந்தன. ராஜாஜி ஆட்சியில் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது அதை எதிர்த்துப் பெரியார் 1938-ல் சிறை போனார். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி அடித்து நொறுக்கினார். ராஜாஜி 1954-ல் முதல்வர் பதவியிலிருந்து விலகினார்.

இதற்கு நடுவே 1949 மே மாதம் இருவரும் திருவண்ணாமலையில் சந்தித்தார்கள். கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியோடு பெரியார் தனியாகப் பேசினார். பெரியாரின் கட்சிக்குள் புயல். என்ன பேசினீர்கள் என்று அண்ணா உள்ளிட்டோர் கேட்டபோதும், அது சொந்த விஷயம் என்பதற்கு மேல் பெரியார் எதுவும் சொல்லவில்லை. பிறகு பெரியார் மணியம்மையை மணந்ததும், ராஜாஜிதான் யோசனை சொல்லிக் கட்சியை உடைத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அந்த ஆண்டு செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. உண்மையில் ராஜாஜி அந்தத் திருமணம் வேண்டாம் என்ற தொனியிலேயே கடிதம் எழுதியிருந்தார் என்பது வெகுகாலம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. தனிப்பட்ட கடிதம் என்பதால் பெரியார் அதைக் காட்டவில்லை. ராஜாஜியும் தன் மேல் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ள வாயைத் திறக்கவில்லை. அரசியலில் இருந்த இருவர், அரசியல் லாபம் கண்ணெதிரே இருந்தும் ஒரு கடிதத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார். பெரியாருக்கு அப்போது 93 வயது. சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்தார். பல காலம் எதிர்த்த மனிதருக்காக அங்கே அவர் குலுங்கி அழுததை நாடே பார்த்தது. ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. 1973 டிசம்பர் 24-ல் அவரும் போய்விட்டார்.

ரகசியம் காப்பது, கருத்து வேறானாலும் மனிதரை விடாமல் இருப்பது, கடைசி நாளில் வந்து நிற்பது. நட்புக்கு இலக்கணம் எழுத இந்த இருவரின் வாழ்க்கையே போதும்.

தமிழ் சினிமா நமக்குப் பழக்கிய இலக்கணம் வேறு. 'கர்ணன்' முதல் 'தளபதி' வரை, நண்பன் என்றால் உயிரைக் கொடுப்பவன். துரியோதனன் செய்தது அத்தனையும் தவறு என்று கர்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் தடுக்கவில்லை. கொடுத்த நாட்டுக்கும் கொடுத்த மரியாதைக்கும் கடன் தீர்த்தான். அந்தக் கதை கண்ணீர் வரவழைக்கும், ஆனால் நல்ல நட்புக்கு அது உதாரணமாகாது. நண்பன் வரம்பு மீறும்போது முன்னால் போய் இடித்துச் சொல்வதற்குத்தான் நட்பு, சிரித்து மகிழ மட்டும் அல்ல என்பது வள்ளுவர் கட்சி. குடித்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடுகிறவனிடம் சாவியைக் கொடுக்க மறுத்து, அவனிடம் நாலு வசவு வாங்கிக்கொண்டு, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவன் கர்ணனைவிட மேல்.

கைமாத்தும் கையெழுத்தும்

நட்பு முறிகிற இடங்களில் பணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'ஒரு பத்து நாள்ல தந்துடுறேன்' என்று வாங்கும் கைமாத்து, பத்து மாதத்தில் இருவரையும் தெரு மாறி நடக்க வைத்துவிடும். கொடுத்தவர் கேட்கக் கூச்சப்படுவார். வாங்கியவர் பார்க்கக் கூச்சப்படுவார். பணம் போனது பாதி, ஆள் போனது மீதி.

அதைவிடப் பெரிய ஆபத்து ஜாமீன் கையெழுத்து. 'சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான் மச்சான்' என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. முதலில் வாங்கியவரிடம் கேட்டு முடித்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம்கூட வங்கிக்குக் கிடையாது. அவர் தவணை தவறினால் இவருடைய சிபில் ஸ்கோரும் அடிபடலாம். இவர் மகள் கல்விக் கடனுக்குப் போகும்போதுதான் அது தெரியவரும்.

அதற்காக நண்பனுக்குப் பணம் கொடுக்கக் கூடாதென்று இல்லை. உடுத்த வேட்டி நழுவும்போது கை தானாகப் போவதுபோல் உதவ வேண்டும் என்ற பண்பாடு நம்முடையது. திரும்ப வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கொடுப்பது, கொடுத்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது, முடியாததை அன்றைக்கே முகத்துக்கு நேரே முடியாது என்பது. இந்த மூன்றும் பல வருட நட்பைக் காப்பாற்றியிருக்கின்றன. அன்று ஒரு நாள் முகம் சுளிக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை, பலர் கவனிக்காதது. நண்பனின் நல்ல சேதி. கஷ்டத்தில் துணை நிற்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். உளவியலாளர் ஷெல்லி கேபிள் நடத்திய ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. நல்ல சேதி சொல்லும்போது எதிரில் இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது உறவின் பலத்தில் பெரிய பங்கு வகிக்கிறது. 'வீடு கிரயம் முடிச்சுட்டேன்டா' என்று ஒருவர் சொல்கிறார். 'அந்தப் பக்கம் தண்ணி கஷ்டமாச்சே' என்பது ஒரு பதில். 'அப்படியா' என்றுவிட்டுப் போனைப் பார்ப்பது ஒரு பதில். 'எங்கடா, எப்ப போய்ப் பார்க்கலாம், எந்தப் பக்கம் வாசல்?' என்று கேட்பது ஒரு பதில். மூன்றாவது பதிலைச் சொல்கிறவரிடம்தான் அடுத்த சேதியும் போகும்.

ஹராரேயின் பெஞ்சு

ஜிம்பாப்வே நாட்டுத் தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். ஆஸ்பத்திரிக்கு வரப் பஸ்ஸுக்குக் காசில்லை என்பதால்தான் அவளை அழைத்துவரவில்லை என்றார் தாய். சிபாண்டாவால் அதைத் தாங்க முடியவில்லை. அந்த நாட்டில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் பாட்டிமார்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். 2006-ல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு மரப் பெஞ்சைப் போட்டு உட்கார வைத்தார். நட்புப் பெஞ்சு என்று அதற்குப் பெயர் வந்தது.

பாட்டிகள் நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றார்கள். அளவுக்கு மீறிய யோசனை என்று பொருள். நம் வீட்டுப் பெரியவர்கள், 'அவ ரொம்ப யோசிக்கிறா' என்று சொல்வது மாதிரியே. பக்கத்தில் உட்கார வைத்து, கேட்டு, 'இதில் எதை முதலில் சரிபண்ணலாம்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் சுமார் 50 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதம் பேரிடம் மட்டுமே.

தீவிர மனச்சோர்வுக்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் புத்திமதி சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒரு ஆள் எவ்வளவு பெரிய மருந்து என்பதை அந்தப் பாட்டிகள் எண்ணிக்கையாகவே காட்டிவிட்டார்கள். ஒரு நல்ல நண்பர் காசு வாங்காமல் செய்வதும் இதைத்தான். 'நான் சொல்றதைக் கேளு' என்று தொடங்குகிறவர்கள் நிறைய. 'நீ சொல்லு' என்கிறவர்கள் கொஞ்சம்.

இத்தனைக்குப் பிறகும், விட்டுப்போன நண்பரைக் கூப்பிடக் கை போனுக்குப் போகத் தயங்கும். இவ்வளவு வருடம் கழித்துத் திடீரென்று கூப்பிட்டால் என்ன நினைப்பானோ, ஏதோ உதவி கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று எண்ணிவிடுவாளோ என்ற சங்கடம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெகி லியூ குழு இதையே ஆராய்ந்து 2022-ல் முடிவுகளை வெளியிட்டது. 5,900 பேருக்கு மேல் பங்கேற்ற சோதனைகள். சும்மா நினைவு வந்தது என்று ஒருவர் தொடர்புகொள்ளும்போது, எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் கூப்பிடுகிறவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். எதிர்பாராமல் வரும் அழைப்புக்கு மகிழ்ச்சி இன்னும் கூடுதல்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த இதழைக் கீழே வைத்ததும் ஒருவரைக் கூப்பிடுங்கள். இதைப் படிக்கும்போது எந்த முகம் வந்துபோனதோ அவரை. காரணம் தேட வேண்டாம். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்ற விளக்கமும் வேண்டாம். நம்பர் மாறியிருந்தால் ஊரில் யாரிடமாவது கேட்டால் கிடைக்கும். பேசி முடித்து வைக்கும்போது 'ஒரு நாள் பார்ப்போம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள்.